வெயிலில் கிடக்கிற அம்மியில் தண்ணீர் ஏன் பாதியிலேயே நிற்கிறது?

கள்ளக்குறிச்சியில எங்க வீட்டுக் கொல்லையில ஒரு பழைய அம்மி கிடக்கு. உளியால் நீளவாக்கில் கொத்தின வரிகள் இன்னும் முழுசா தேயலை. காலையில ஓரத்துல கொஞ்சம் தண்ணி விட்டா, வரி வழியாவே ஊர்ந்து மறுமுனைக்குப் போயிடும். சித்திரை மதியத்துல பாதியிலேயே நின்னுடும். கல்வராயன் மலையில் வெயிலில் காய்ந்த பாறைமேல் தூறல் விழும்போதும் இப்படித்தான்: சமதளம் சீக்கிரம் காயும், விரிசல்கள் மட்டும் ஈரக்கோடாக நிற்கும்.

எனக்கு இதுல ஒரு குழப்பம் இருந்தது. சூடானால் தண்ணீர் வேகமாகத்தானே ஓடணும்? 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் நீரின் பாகுத்தன்மை பாதிக்கும் கீழே இறங்குகிறது. வரிக்குள் நீரை இழுக்கும் பரப்பு இழுவிசையோ சுமார் 9 சதவீதம்தான் குறைகிறது. இந்தக் கணக்குப்படி அதே நேரத்தில் 1.4 மடங்கு தூரம் போகணும்.

விட்டுப்போனது ஆவியாதல். நனைந்த நீளம் கூடக்கூட நீர் கடக்க வேண்டிய தூரம் கூடும், அதனால் முனைக்கு வரும் நீர் குறையும். அதே சமயம் ஆவியாகும் பரப்பும் பெருகும். வரவும் செலவும் சமமாகிற இடத்தில் முனை நின்றுவிடும். கல் எவ்வளவு சூடோ, அந்த இடம் அவ்வளவு பக்கத்தில்.

செயற்கைக்கோள்களில் இதே கணக்குதான் உயிர்நாடி. அங்கே இருக்கும் வெப்பக் குழாய்கள் பல, உள்சுவரில் நீளவரிகள் வெட்டிய அலுமினியக் குழாய்கள், உள்ளே அம்மோனியா. சூடான முனையில் அது ஆவியாகும், குளிர்ந்த முனையில் திரவமாகும், வரிகள் வழியே திரும்பி வரும். பம்பு கிடையாது. வெப்பம் அளவு மீறினால் சூடான முனையில் வரி வறண்டுபோகும், அங்கிருக்கும் மின்னணுக் கருவி கொதிக்கும். மேலே போய் ரிப்பேர் பண்ண ஆள் இல்லை.

வரியை இன்னும் குறுக்கினால்? அகலம் பாதியானால் இழுப்பு இரண்டு மடங்கு, ஆனா தடை நான்கு மடங்கு. அகலமாக்கினால் விண்வெளியில் நல்லா ஓடும். தரையில் சோதிக்கும்போது ஒரு முனை சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே ஈர்ப்புவிசை ஜெயிச்சிடும். அதனாலதான் அந்தச் சோதனையில் குழாயை மட்டம் பார்த்து வைக்கிறார்கள்.

உங்க வீட்டு அம்மியிலும் காலையில ஒருமுறை, மதியம் ஒருமுறை அதே அளவு தண்ணி விட்டுப் பாருங்க. ஆனா முதல்ல அம்மி மட்டமா இருக்கான்னு பார்த்துக்கோங்க.