வாய்ப்பாடும் யந்திரமும்

சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்குவதை நேயர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அழுத்தத்தினால் தண்ணீரில் அடங்கியிருந்த வாயு, அழுத்தம் நீங்கியதும் குமிழிகளாய் வெளிப்படுகிறது. காற்றுக் குப்பியை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் முழுகுகிறவனுடைய உடம்பிலும் இவ்விபரீதம் நேரக்கூடும். 10 மீட்டருக்கு ஒரு வாயுமண்டலம் வீதம் அவன்மீது அழுத்தம் ஏறுகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. அவன் பதறிப்போய் விரைந்து மேலே வந்தானாயின், அது குமிழிகளாகி மூட்டுகளை வாட்டும். முதுகுத்தண்டைத் தாக்கி முடமாக்கும். உயிரைக் கொள்வதும் உண்டு.

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம்? இதற்குச் சாஸ்திரீயமான விடை தேடியவர்களில் தலையாயவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. அவரும் தோழர்கள் இருவரும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பரிசோதித்து, 1908-ஆம் ஆண்டில் அட்டவணைகளை வெளியிட்டார்கள். பின்னால் வந்த அட்டவணைகளுக்கு அவையே வழிகாட்டி.

அட்டவணை கண்டிப்பான கணக்குப்பிள்ளை. பொழுதுபோக்காக முழுகுவோர் கையாளும் அட்டவணை ஒன்று 18 மீட்டர் ஆழத்துக்கு 56 நிமிஷம் அனுமதிக்கிறது. அங்கே ஐந்து நிமிஷமே இருந்துவிட்டு, மீதிப் பொழுதை 10 மீட்டரில் கழித்தாலும், முழு நேரமும் 18 மீட்டரில் இருந்ததாகவே அது பற்று எழுதிவிடும்.

1983-ல் அமெரிக்காவில் 'எட்ஜ்' என்ற கருவி விற்பனைக்கு வந்ததிலிருந்து நிலைமை மாறத் தொடங்கிற்று. இன்று மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் 'டைவ் கம்ப்யூட்டர்' சில விநாடிகளுக்கு ஒரு முறை ஆழத்தை அளந்து, அந்தந்த ஆழத்துக்கேற்ப நைட்ரஜனைக் கணக்கிடுகிறது. எஞ்சிய நேரத்தையும் காட்டுகிறது. மேலும் கீழுமாகச் சஞ்சரிப்போருக்கு இது பெரிய வரப்பிரசாதம். கூட்டல் பிழைக்கும் இடமில்லை. இதை வேண்டாமென்று சொல்ல நமக்கு மனமில்லை.

ஆயினும் யந்திரம் அறிந்தவை ஆழமும் நேரமுந்தான். முழுகுகிறவன் முதல்நாள் உறங்கவில்லை என்பதையும், அவன் உடம்பில் நீர் வற்றியிருப்பதையும் அது அறியாது. அட்டவணையும் அறியாது. இரண்டும் உத்தேசக் கணக்குகளே; வரம்புக்குள் முழுகியும் நோயுற்றவர்கள் உண்டு. ஆகவே எல்லையை ஒட்டாமல் முன்னதாகவே புறப்பட்டு, மெதுவாக ஏறி, 5 மீட்டரில் 3 நிமிஷம் தங்கி வருவதே விவேகம்.

கணக்கு வகுப்பில் நாம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வதுண்டு: "விடையை முதலில் உத்தேசமாகச் சொல், பிறகு கணக்கைப் போடு." உத்தேசம் தெரிந்த பிள்ளைக்குத் தவறான விடை உடனே கண்ணில் உறுத்தும். அட்டவணை கற்றவன் நிலையும் இதுவே. அவன் ஆழத்தையும் நேரத்தையும் கரையிலேயே தீர்மானித்து, மனத்தில் பதித்துக்கொண்டு இறங்குகிறான். நடுக்கடலில் பாட்டரி தீர்ந்து கருவி கண்மூடினாலும் அவன் திகைப்பதில்லை. கைக்கடிகாரத்தையும் ஆழமானியையும் பார்த்து நிதானமாக மேலேறுவான். அன்றைக்கு மறுபடி இறங்கமாட்டான். யந்திரத்தை மட்டும் நம்பினவனுக்கோ அந்த வேளையில் எண்ணும் இல்லை, யோசனையும் இல்லை.

கம்ப்யூட்டரைக் கையில் கட்டிக்கொள்ளட்டும். அதற்கு முன் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொள்ளட்டும்.