ஊறவைத்து உலர்த்திய விதை

மதுரை மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 850 மி.மீ. அதில் அதிகம் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். பெரியாறு, வைகைத் தண்ணீர் பாயும் வாடிப்பட்டி, மேலூர் வயல்களைத் தாண்டித் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் போனால் பல ஊர்களில் கிணறும் மானாவாரியும்தான் கதி. அங்கே வெண்டை போடுகிறவருக்கு முதல் கண்டம் முளைப்பில் இருக்கிறது. ஒரு மழையை நம்பி விதைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால், மேல்மண் காய்வதற்குள் வேர் கீழே இறங்கியாக வேண்டும்.

விதையை ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்துவது அதற்காகத்தான்.

விதை முதலில் மடமடவென்று தண்ணீர் குடிக்கும். பிறகு குடிப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும். வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. உள்ளே நொதிகள் விழித்து, பழுதுபட்ட டி.என்.ஏ. செப்பனிடப்படுவது இந்த நேரத்தில்தான். அடுத்து முளைவேர் தோலைக் கிழித்து வரும். அது வருவதற்கு முன்பே எடுத்து நிழலில் உலர்த்தினால் விதை பிழைக்கும். நடந்த வேலையும் பெரும்பாலும் வீணாகாது. விதைத்ததும் சீக்கிரமாக, ஒரே சீராக முளைக்கும். வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்த பிறகு காயவைத்தால் போச்சு. வித்தை முழுவதும் நேரக் கணக்கில் இருக்கிறது.

1973இல் இங்கிலாந்தின் ஹைடெக்கர் குழு, பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைத்து, விதை அளவுக்கு மேல் குடிக்காமல் தடுத்துக் காட்டியது. நம் ஊரில் புழுதி விதைப்பு நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது எளிது: லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 16 மணி நேரம், பிறகு நிழல். இதே கணக்கை வெண்டைக்குப் போடக்கூடாது. பயிருக்குப் பயிர் நேரம் மாறும். வெண்டைக்கான விதைநேர்த்திப் பரிந்துரையில் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, அதன்பின் ஆறிய கஞ்சியில் குழைத்த அசோஸ்பைரில்லம். இவை வேர் அழுகலைத் தடுக்கவும் வேரை வளர்க்கவும் உதவும். வறட்சியில் வேர்தானே செடிக்குக் கதி!

ஆனால் நேர்த்தி செய்த விதை வறட்சி ரகமாகிவிடாது. பூக்கும் நேரத்தில் மண் வெடித்தால் இது காப்பாற்றாது. முதல் சில வாரங்களுக்கே துணை. ஊறவைத்து உலர்த்திய விதையை அடுத்த பட்டத்துக்கு வைத்திருப்பதும் நல்லதல்ல, முளைப்புத் திறன் சீக்கிரம் குறையும். சிவப்போ பச்சையோ சாயம் பூசிய கம்பெனி விதையில் ஏற்கெனவே பூஞ்சாண மருந்து இருக்கும். அதை மறுபடி ஊறவைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் கேட்டுவிட்டு விதையுங்கள்.