ஆபீஸ் போனை யாரும் எடுக்கலையா? வாய்ஸ்மெயில் இணைப்பு எப்படி வேலை செய்கிறது?

தேனி மாவட்டம் பெரியகுளம் பகுதியில் தை, மாசி என்றால் மாமரங்கள் பூக்கும் காலம். அதே சமயத்தில்தான் தத்துப்பூச்சியும் வரும். அது பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டால் பிஞ்சு பிடிக்காது. மருந்து அடிக்கலாமா, எதை அடிக்கலாம் என்று விவசாயிக்கு உடனே பதில் வேண்டும். அடுத்த வாரம் வரும் பதிலால் அந்த ஆண்டு மகசூலுக்குப் பயனில்லை.

இன்னொரு பக்கம், 1989-ல் இங்குள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியான பிகேஎம்-1 செடிமுருங்கை, ஊர்ப் பெயரின் சுருக்கத்தை வெளிநாடு வரை கொண்டுபோனது. இந்த ஊரில் ஒரு நாற்றுப்பண்ணை அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 04546 என்று தொடங்கும் ஒரே லேண்ட்லைன். உள்ளே எட்டு மேஜைகளில் இன்டர்காம். மதியம் எல்லோரும் தோட்டத்தில் இருக்கும்போது போன் அடித்து அடித்து ஓய்கிறது. கூப்பிட்டது யார், எதற்காக என்று யாருக்கும் தெரியாது.

"ஒரு வாய்ஸ்மெயில் வாங்கி மாட்டிட்டா போச்சு" என்பது பலருக்கும் தோன்றும் தீர்வு. மாட்டுவது எளிது. அதை அலுவலகத் தொலைபேசியோடு பேச வைப்பதில்தான் வேலை இருக்கிறது.

இரண்டு பெட்டிகள், ஒரு அழைப்பு

அலுவலக இன்டர்காமை இயக்கும் பெட்டிக்கு இபிஏபிஎக்ஸ் என்று பெயர். வெளியிலிருந்து வரும் அழைப்பை 21, 22, 23 என எந்த எக்ஸ்டென்ஷனுக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பது இதுதான். வாய்ஸ்மெயில் என்பது செய்தியைப் பதிந்து வைக்கும் இன்னொரு கணினி. அமெரிக்காவின் கார்டன் மேத்யூஸ் தொடங்கிய நிறுவனம் இதை வணிகப் பொருளாக்கியது. 1983-ல் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

இப்போது பல இபிஏபிஎக்ஸ்களில் வாய்ஸ்மெயில் உள்ளேயே வருகிறது. 1999-ல் மார்க் ஸ்பென்சர் உருவாக்கிய ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருள், ஒரு சாதாரண கணினியையே இரண்டுமாக மாற்றிவிடும். ஆனால் பழைய இபிஏபிஎக்ஸையே வைத்துக்கொண்டு வாய்ஸ்மெயிலைத் தனியாக வாங்கிச் சேர்க்கும்போது, மூன்று தகவல்கள் இரண்டுக்கும் இடையே சரியாகக் கைமாற வேண்டும்.

1. அழைப்பு யாருக்கு வந்தது?

எக்ஸ்டென்ஷன் 23-ஐ யாரும் எடுக்காவிட்டால் அந்த அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பிவிடப்படும். அப்போது "இது 23-க்கு வந்தது" என்ற தகவலும் கூடவே போக வேண்டும். பழைய அனலாக் கருவிகளில் இபிஏபிஎக்ஸே அந்த எண்ணை டயல் டோன்களாக அழுத்திச் சொல்லும். ஐபி போன்களில் எஸ்ஐபி எனப்படும் இணைய அழைப்பு நெறிமுறையின் தலைப்பில் அது எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு கருவிகளிலும் இந்த அமைப்பு ஒத்துப்போகவில்லை என்றால், வாய்ஸ்மெயிலுக்கு 23 என்பதே தெரியாது. "மெயில்பாக்ஸ் எண்ணை அழுத்தவும்" என்று கூப்பிட்டவரிடமே கேட்கும். சோத்துப்பாறை பக்கமிருந்து பேசும் விவசாயிக்கு அந்த எண் எப்படித் தெரியும்? வெச்சிட்டுப் போய்விடுவார்.

2. பேசுபவர் எப்போது வைத்தார்?

அனலாக் லைனில் எதிர்முனை துண்டிக்கப்பட்டதற்கான தெளிவான சமிக்ஞை எப்போதும் வருவதில்லை. அந்த எக்ஸ்சேஞ்சின் எங்கேஜ் டோன் எப்படி ஒலிக்கும் என்று வாய்ஸ்மெயிலுக்குச் சொல்லித்தராவிட்டால், பேசியவர் வைத்த பிறகும் அது "டொய்ங், டொய்ங்" சத்தத்தை நிமிடக்கணக்கில் பதிந்துகொண்டிருக்கும். பெட்டி நிறையும், லைனும் பிஸியாகவே கிடக்கும்.

இதே பிரச்சினையின் மறுபக்கம் செல்போன் ஃபார்வர்ட். "நான் இல்லைன்னா என் செல்லுக்குப் போகட்டும்" என்று பலர் வைத்திருப்பார்கள். செல்போன் ஸ்விட்ச் ஆஃப் என்றால் அந்த நிறுவனத்தின் பதிவுக் குரல்தான் வரும். அனலாக் லைன் வழியே வெளியே போன அழைப்பில், பேசுவது ஆளா பதிவா என்று இபிஏபிஎக்ஸுக்குத் தெரியாது. அழைப்பு எடுக்கப்பட்டதாக நினைத்துக்கொள்ளும். வாய்ஸ்மெயிலுக்கு அந்த அழைப்பு வரவே வராது.

3. செய்தி வந்திருக்கிறது என்று யார் சொல்வது?

பதிந்த செய்தி கேட்கப்பட வேண்டும். போனில் சிவப்பு விளக்கு எரிவது அல்லது ரிசீவரை எடுத்ததும் விட்டுவிட்டு ஒலிக்கும் டயல் டோன்தான் அதற்கான அடையாளம். ஐபி போன்களுக்கு இதற்கான தரநிலையை ஐஇடிஎஃப் அமைப்பு 2004-ல் வெளியிட்டது. ஒலிக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்பும் வசதியும் இருக்கிறது. தோட்டத்தில் நிற்பவருக்கு மேஜை விளக்கைவிட அதுதான் உதவும்.

நம்ம ஊரில் ஏன் பழக்கமாகவில்லை?

மிஸ்டு காலே ஒரு செய்தியாக இருக்கும் ஊர் இது. "பார்த்துட்டுக் கூப்பிடுவாங்க" என்ற நம்பிக்கையில் பீப் சத்தம் கேட்டதுமே வைத்துவிடுவோம். ஆனால் பொது லேண்ட்லைனில் அந்த நம்பிக்கை செல்லாது. அங்கே மிஸ்டு காலைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட வேண்டியவர் யார் என்பதே முடிவாகியிருக்காது.

2004 ஜனவரி 21-ல் மத்திய அரசு தொடங்கிய கிசான் கால் சென்டர் (1800-180-1551) இதற்கு ஒரு பாடம். தமிழிலும் பதில் சொல்லும் இந்தச் சேவை ஐபி பிபிஎக்ஸ் அடிப்படையில் இயங்குகிறது. அதன் வசதிகளில் வாய்ஸ்மெயிலும் ஒன்று. ஆனால் அது தனியாக இல்லை. வேளாண் பட்டதாரிகள் பேசுகிறார்கள், தேவைப்பட்டால் நிபுணரையும் அதே அழைப்பில் சேர்க்கிறார்கள், பதிலின் சுருக்கம் எஸ்எம்எஸ்ஸில் போகிறது. இப்படி மனிதர்கள் சூழ்ந்திருக்கும்போதுதான் வாய்ஸ்மெயிலுக்கு மதிப்பு.

இணைப்பதற்கு முன் கவனிக்க

வரவேற்புக் குரல் தமிழில், 15 விநாடிக்குள் இருக்கட்டும். "உங்க பேரு, ஊரு, நம்பர், என்ன விஷயம்னு சொல்லுங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கூப்பிடுறோம்" என்றால் போதும். எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் மக்கள் பேசுவார்கள்.

1234, 0000 போன்ற ஆரம்பக் கடவுச்சொற்களை முதல் நாளே மாற்ற வேண்டும். வாய்ஸ்மெயிலுக்குள் நுழைந்து, அங்கிருந்து அலுவலக லைனில் வெளிநாட்டுக்குப் பேசுவது உலகெங்கும் நடக்கும் பழைய மோசடி. பில் அலுவலகத்தின் பெயரில்தான் வரும். வாய்ஸ்மெயிலிலிருந்து வெளியே டயல் செய்யும் வசதியை அணைத்து, ஐஎஸ்டியைப் பூட்டிவிடுவது நல்லது.

பொருத்தியவர் கிளம்பும் முன் வெளியிலிருந்து நான்கு சோதனை அழைப்புகள் அவசியம்: எடுக்காதபோது, பிஸியாக இருக்கும்போது, பாதியில் வைக்கும்போது, ஃபார்வர்ட் செய்த செல்போன் அணைந்திருக்கும்போது. நான்கிலும் செய்தி சரியான பெட்டிக்குப் போய், விளக்கு எரிந்தால்தான் இணைப்பு முடிந்ததாக அர்த்தம்.

கடைசியாக, பெட்டியைத் தினமும் திறந்து கேட்பவர் யார், அவர் லீவில் போனால் யார் என்று இரண்டு பெயர்களைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுக் கூப்பிடாமல் இருப்பதைவிட, போன் வெறுமனே அடித்து ஓய்வதே மேல். அப்போதாவது விவசாயி வேறு எண்ணைத் தேடியிருப்பார்.