புதிய கணனியும் பழைய திறப்பு மென்பொருளும்

பற்றரி சரி, எரிபொருளும் உண்டு, ஸ்டார்ட்டரும் சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. மீற்றர்ப் பலகையில் ஒரு சிறு விளக்கு மின்னிக்கொண்டிருக்கிறது. இப்படி நின்றுபோன வாகனங்கள் இன்று கிராமத்துக் கராஜ்களுக்கும் வருகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் தொடங்கியதால், பழைய ஜப்பான் வாகனங்களைத் திருத்தித் திருத்தியே நாம் ஓடவேண்டியிருந்தது. அவற்றுள் பலவற்றில் இமொபிலைசர் என்னும் களவுத் தடுப்புக் கருவி உண்டு.

திறப்பின் பிளாஸ்ரிக் தலைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதற்குப் பற்றரி தேவையில்லை. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளே அதற்குச் சக்தி ஊட்டி, அதன் இலக்கத்தைக் கேட்டறிகிறது. வாகனத்தின் ஞாபகச் சில்லில் பதிந்துள்ள இலக்கத்துடன் அது பொருந்தினால்தான் எஞ்சின் இயங்கும். இவ்வகை வாகனங்கள் பலவற்றில் காணப்படும் 93சி66 என்ற ஞாபகச் சில்லின் கொள்ளளவு 512 பைட் மட்டுமே. ஒரு பக்கக் கடிதம்கூட அதில் அடங்காது!

எல்லாத் திறப்புகளும் தொலைந்துவிட்டால், பல வாகனங்களில் இந்தச் சில்லை வாசித்து மாற்றி எழுதவேண்டும். அதற்கான மென்பொருள்களிற் பல விண்டோஸ் எக்ஸ்பி காலத்தவை. இங்கேதான் சிக்கல். 32 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்ட டிரைவர்கள் 64 பிட் விண்டோஸில் ஏறா. விண்டோஸ் 11 வருவதோ 64 பிட்டில் மட்டுமே. பழைய கருவி பிரின்டர் துவாரத்தில் பொருந்துவதாயின், யூ.எஸ்.பி. மாற்றி வயர் வாங்குவது வீண் செலவு. அது பிரின்டருக்கே உதவும், இதற்கு அன்று. சீரியல் துவாரக் கருவியாயின் மாற்றி வயர் பெரும்பாலும் உதவும். ஆனால் பழைய மென்பொருள் கொம் 1 முதல் 4 வரையே தேடக்கூடும். ஆகவே டிவைஸ் மனேஜரில் துவார இலக்கத்தைக் குறைத்துவிடுங்கள்.

யூ.எஸ்.பி. கருவியாயின், புதிய கணனிக்குள்ளேயே எக்ஸ்பியை ஒரு மெய்நிகர் கணனியாக நிறுவிப் பார்க்கலாம். எனினும் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணனியையே நாம் விரும்புகிறோம். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றுவிட்டதால் அதை இணையத்துடன் இணைக்கவே கூடாது. மலிவுக் கருவிகளுடன் வரும் இறுவட்டுகள் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வதுண்டு. பங்கின் கணக்குகள் உள்ள கணனியில் அவற்றைப் போடுவது திருடனிடம் வீட்டுத் திறப்பைக் கொடுப்பதற்குச் சமம்.

எழுதுவதற்கு முன் சில்லை இருமுறை வாசித்து, இரண்டு பிரதிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என ஒப்பிடுங்கள். எல்லாம் எஃப்எஃப் அல்லது எல்லாம் பூச்சியம் என வந்தால் வயரின் தொடுகை பிழை. அந்நிலையில் எழுதவே வேண்டாம். சரியான மூலப் பிரதியை வாகன இலக்கத்துடன் வேறோர் இடத்திலும் சேமியுங்கள். எழுதுவது பிழைத்தால் வாகனத்தை மீட்க அது ஒன்றே உதவும். மடிக்கணனியின் பற்றரி பழுதாயிருந்தால், மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில் இவ்வேலையைத் தொடவேண்டாம்.

புதிய திறப்புக் கேட்டு வருபவர் அறிமுகமற்றவராயின், பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் பார்த்த பின்னரே கணனியைத் திறவுங்கள். அயலவராயினும் கேட்பதில் தவறில்லை. உண்மையான உரிமையாளர் கோபிக்கமாட்டார்.