கதை முடியும் முன் ஒரு கேள்வி நேரம்

எடின்பரோ சர்வதேசப் புத்தக விழா 1983-இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் தலைநகரில், சார்லட் சதுக்கப் பூங்காவில் கூடாரங்கள் அமைத்துப் பல ஆண்டுகள் நடந்த விழா இது. தொடக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது; 1997 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கிறது. இங்கே புத்தகக் கடை உண்டு என்றாலும், கூட்டம் வருவது எழுத்தாளரைப் பார்க்கத்தான். ஒரு நிகழ்ச்சி ஏறக்குறைய ஒரு மணி நேரம். எழுத்தாளர் தம் நூலிலிருந்து வாசிப்பார், நெறியாளருடன் பேசுவார், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை நீளும்.

சிறுவர்களுக்கு மந்திரக் கதை எழுதுகிறவருக்கு இதில் கடினமான பகுதி கேள்வி நேரம். எப்படி எழுதுகிறீர்கள் என்று பெரியவர்கள் கேட்பார்கள். குழந்தைகளுக்கோ கதைக்குள் நடப்பதுதான் முக்கியம். நூலைப் பலமுறை படித்து, அந்த உலகின் சட்டதிட்டங்களை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் முரண் இருந்தாலும் விடமாட்டார்கள். தொடர் இன்னும் முடியவில்லை என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். பொய் சொல்லவும் கூடாது, முடிச்சை அவிழ்க்கவும் கூடாது.

2004 ஆகஸ்ட் 15 அன்று இந்த விழாவில் ஜே.கே. ரௌலிங் இருந்தது அப்படியொரு நிலையில்தான். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூலை அவர் எழுதி முடித்தது இதே எடின்பரோவில். ஏழு நூல்களில் ஐந்து அப்போது வெளியாகியிருந்தன. கதைநாயகன் ஹாரியின் பெரியம்மா பெட்டூனியா, மந்திரக் குடும்பத்தில் பிறந்தும் மந்திர சக்தி இல்லாதவரா என்று ஒரு கேள்வி வந்தது. இல்லை என்றார் ரௌலிங். ஆனால் வெளியே தெரிவதைவிட அவரிடம் கூடுதலாக ஏதோ உண்டு என்று கோடி காட்டினார். ஒரு மதுக்கடைக்காரர் ஹாரிக்குப் பார்த்த முகமாகத் தெரிவது ஏன், அவர் ஹாரியின் பள்ளித் தலைமை ஆசிரியர் டம்பிள்டோரின் தம்பியா என்று இன்னொரு கேள்வி. கேட்டவரின் கூர்மையை மெச்சிய ரௌலிங், ஏன் அப்படித் தோன்றுகிறது என்று திருப்பிக் கேட்டார்; அந்த ஆளிடம் வீசும் ஆட்டு வாடையைக் கேட்டவர் குறிப்பிட்டதும், அந்தத் துப்பில் தமக்குப் பெருமைதான் என்றார்.

அதோடு நிற்காமல், யாரும் கேட்காத இரண்டு கேள்விகளை அவரே முன்வைத்தார். குழந்தையாக இருந்தபோது தன்னைக் கொல்ல வந்த கொடிய மந்திரவாதி வோல்டமார்ட்டிடமிருந்து ஹாரி எப்படிப் பிழைத்தான் என்று எல்லோரும் கேட்கிறார்கள்; ஏவிய சாபம் தன்மீதே திரும்பியும் வோல்டமார்ட் ஏன் சாகவில்லை என்று கேட்க வேண்டாமா? ஐந்தாம் நூலில் நேருக்கு நேர் மோதியபோதும் டம்பிள்டோர் அவனைக் கொல்ல முயலாதது ஏன்?

வாசகர்கள் ஐந்து நூல்களையும் மறுபடி புரட்டினார்கள். 2005 ஜூலையில் வந்த ஆறாம் நூல், வோல்டமார்ட் தன் உயிரைத் துண்டுகளாக்கிப் பல பொருள்களில் ஒளித்திருந்ததைச் சொன்னது. அவை அழியும்வரை அவனுக்குச் சாவில்லை. இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்த ஒன்றிலேயே இருந்தது.

முடிவைக் காட்டிக்கொடுக்காமல், எங்கே தேட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புவதே தொடர்கதை எழுதுகிறவர் மேடையில் காட்ட வேண்டிய திறமை. ரௌலிங்கின் துப்பு எதுவும் வீண்போகவில்லை. அந்த மதுக்கடைக்காரர் டம்பிள்டோரின் தம்பி அபர்ஃபோர்த்தான் என்பதை 2007 ஜூலையில் வந்த ஏழாம் நூல் உறுதிசெய்தது.