உச்சி வெய்யிலும் உங்கள் வீட்டுக் கூரையும்

சித்திரை மாதத்து நண்பகலில் நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடுவதை யாவரும் அறிவோம். ஆண்டிலே இரு முறை, சித்திரையில் ஒரு தடவையும் ஆவணியில் ஒரு தடவையும், சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கின்றான். அந்நாட்களில் சுவர்களிலும் பார்க்கக் கூரையே வெய்யிலை மிகுதியாக ஏற்கின்றது. நிழலில் 32 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நாளில், தகரக் கூரை 60 பாகைக்கு மேலும் காய்வதுண்டு. பகல் முழுவதும் அவ்வெம்மைக்குக் கீழே கிடப்பவர்கள் ஏணைக் குழந்தையும் நோயுற்ற முதியோருமே. ஆதலால் இது வசதியைப் பற்றிய விடயம் மாத்திரமன்று, உடல்நலத்தைப் பற்றியதுமாகும்.

நம் முன்னோர் வேய்ந்த கிடுகும் பனையோலையும் வீட்டைக் குளிர்மையாக வைத்திருந்தன. ஓலைகளிடையே அடைபட்ட காற்றே அதற்குக் காரணம். அசையாத காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆனால் ஓலை தீப்பற்றும். அடிக்கடி புதிதாய் வேயவும் வேண்டும். ஓட்டுக்கும் தகரத்துக்கும் மாறிய நாம், ஓலை செய்த வேலையை வேறொரு பொருளைக் கொண்டு செய்விக்க வேண்டியிருக்கின்றது.

அப்பொருளைத் தெரிவுசெய்யுமுன், வெப்பம் எவ்வழியாக இறங்குகின்றது என அறிதல் வேண்டும். மாணவர் கற்கும் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்னும் மூன்றனுள், காய்ந்த ஓட்டிலிருந்து சீலிங் எனப்படும் உட்கூரையை நோக்கி வரும் வெப்பத்தின் பெரும்பகுதி கதிர்வீசலாகவே வருகின்றது. சூடான காற்று மேலெழுமேயன்றிக் கீழிறங்காது. குளிர்நாட்டார் உள்ளிருக்கும் வெப்பத்தைக் காக்கத் தடித்த பஞ்சுவகைகளை நாடுவர். நமக்கோ முதல் எதிரி கதிர்வீசலே.

அதனைத் தடுக்க ஏற்றது அலுமினியத் தாள். துலக்கமான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிர்களுள் நூற்றுக்கு 95 வரை திருப்பி அனுப்பிவிடும். தான் சூடேறினும் சிறிதளவே கதிர்வீசும். ஆனால் அதன் பளபளப்பான முகத்துக்கு முன்னே ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி வேண்டும். இருபுறமும் ஒட்டிக்கிடந்தால் அது வெப்பத்தைக் கடத்தும் வெறும் உலோகமே. அம்முகம் கீழ்நோக்கியிருத்தல் நன்று. மேல்நோக்கியிருப்பின் தூசி படிந்து பயன் குன்றும். புதுவீடாயின் கைமரங்களின்மேல், சலாகைகளுக்குக் கீழே விரிக்கலாம். ஓடு ஒழுகினாலும் நீர் தாள்வழியே தாழ்வாரத்துக்கு வடிந்துவிடும். பழைய வீடாயின் கைமரங்களின் அடிப்பக்கத்தில் அறையலாம்.

உட்கூரையின்மேற் பரப்புவதற்குக் கண்ணாடிப் பஞ்சும் கற்பஞ்சும் உள. இவை எளிதிற் தீப்பற்றா. ஓலையைப் போன்று காற்றைச் சிறைப்படுத்தியே வேலை செய்வதால், நனைந்தாலும் அமுங்கினாலும் பயன் கெடும். ஆகவே ஒழுக்கை அடைத்த பின்னரே பரப்புதல் வேண்டும். ரெஜிபோம் இலேசானது, மலிவானது. எனினும் 100 பாகையளவில் இளகும், தீப்பற்றினாற் கரும்புகை கக்கும். அடுக்களைக்கு மேலே அது தகாது.

பொருளைத் தெரிவதிற் காட்டும் கவனம் வேலையிலும் வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2009 ஆம் ஆண்டு, வீடுகளுக்கு வெப்பக்காப்பிடும் அரசாங்கத் திட்டமொன்று அவசரமாகத் தொடங்கப்பெற்றது. அதில் வேலை செய்த இளைஞர் நால்வர் இறந்தனர்; மூவர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கடும் வெப்பத்தாலும் மாண்டனர். 2010 பெப்ரவரியில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அலுமினியத் தாளும் மின்னைக் கடத்தும். அறையும் ஆணி மறைந்துள்ள மின்கம்பியைத் துளைக்கவுங்கூடும். எனவே பிரதான ஆளியை நிறுத்திய பின்னரே, அதுவும் காலைக் குளிர்ச்சியிலேயே, கூரைக்குள் ஏறுதல் வேண்டும்.

கல்நார்த் தகடு வேய்ந்தவர்களுக்கு மேலுமோர் எச்சரிக்கை: அதனைத் துளைத்தலும் அறுத்தலும் சுரண்டுதலும் ஆகா. கல்நார் வகைகள் யாவும் புற்றுநோய் விளைப்பவை என்பது உலக சுகாதார தாபனத்தின் முடிபு. தாளை மரத்திலேயே அறைந்துகொள்க.

செலவுக்கு அஞ்சுவோர் படிப்படியாகச் செய்யலாம். முதலில் தாழ்வாரத்திலும் முகட்டிலும் வலையிட்ட காற்றுவழிகள், அடுத்து அலுமினியத் தாள், வசதியுண்டாயிற் பஞ்சு. இம்முறையைத் தலைகீழாக்குவோர் பணத்தைக் கூரைக்குள் இட்டும் வியர்வையிலிருந்து விடுபடார்.