பழைய காருக்குக் கியர் எண்ணெய் மாற்றுதல்

எங்கள் தோட்டத்தில் அண்டை வீட்டுக்காரர் தம் பழைய ஆட்டோ கியர் காருக்குத் தாமே கியர் எண்ணெய் மாற்றினார். அடித்திருகைக் கழற்றி வடியவிட்டு, கையேட்டில் கண்ட மொத்த அளவாகிய 7 லிட்டரையும் ஊற்றினார். மறுநாள் தாயாரை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்கையில், மேட்டில் எஞ்சின் இரைந்ததே ஒழிய கார் ஏறவில்லை.

காரணம் என்ன? திருகைக் கழற்றினால் பெரும்பாலான கார்களில் பாதியளவோ, அதற்கும் குறைவாகவோதான் வடியும். மீதி, டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்புக்குள் தங்கிவிடும். எண்ணெய் மிஞ்சினால், சுழலும் உறுப்புகள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் ஏது? அழுத்தமின்றிக் கிளட்சுகள் இறுகப் பற்றா, வழுக்கித் தேயும். மிகையானதை வடித்தபின் கார் நகர்ந்தது, அவருடைய நல்ல காலம்.

ஆகவே வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றி, பிறகு அளவுகோலால் சரிபாருங்கள். அப்போது எஞ்சின் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் மாற்றினால் பழையது பெரிதும் நீங்கும். எஞ்சினுக்குரிய கருப்பு எண்ணெயை இதில் ஊற்றவே கூடாது. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்காதீர்கள். வடிந்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.